ஏலம் விடுபவர் இல்லாத ஏலம்

ஏலம் என்றதும் பொருளும் அதற்குப் போட்டி போடுகிறவர்களும்தான் நினைவுக்கு வருவார்கள். நடுவில் நின்று "ஒரு தரம், இரண்டு தரம்" என்று கூப்பிடுபவரை நாம் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் அவர் பார்க்கும் வேலைகள் நிறைய. யார் எவ்வளவு கேட்டார்கள் என்று குறித்துக்கொள்வது, ஏலம் முடிந்த நொடியை அறிவிப்பது, மூடிய உறையில் வந்த தொகையை நேரம் வரும்வரை யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பது, கேட்டுவிட்டு நழுவப் பார்ப்பவரை மடக்குவது, தோற்றவர்களின் முன்பணத்தைத் திருப்புவது, கடைசியில் பொருள் கைமாறியதா என்று பார்ப்பது, எல்லாம் அவர் பொறுப்பு.

இணைய ஏலத்தில் அந்த இடத்தில் ஒரு நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது. 1995-ல் பியர் ஒமிடியார் தொடங்கி, பின்னால் ஈபே என்று பெயர் பெற்ற தளத்திலிருந்து இன்றுவரை ஏற்பாடு இதுதான். சர்வர் அவர்களுடையது, கடிகாரம் அவர்களுடையது, கணக்கும் அவர்களுடையது. ரகசியமாக நாம் பதியும் தொகை நம் போட்டியாளருக்குத் தெரியாது, தளத்துக்குத் தெரியும். அதை அவர்கள் யாரிடமும் சொல்ல மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் பங்கெடுக்கிறோம்.

அந்த நம்பிக்கை தேவைப்படாத ஏலம் ஒன்றை நடத்த முடியுமா? முடியும் என்பதே பதில். ஆனால் "பிளாக்செயினில் (பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும் பொதுக் கணக்கேட்டில்) ஏற்றிவிட்டால் போதும், எல்லாம் தானே நடக்கும்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நடுவில் இருப்பவரை எடுத்துவிடலாம், அவர் பார்த்த வேலைகளை எடுத்துவிட முடியாது. ஒவ்வொரு வேலையையும் வேறு ஏதோ ஒன்று செய்தாக வேண்டும். சிலவற்றைக் கணிதம் செய்யும், சிலவற்றைப் பணயமாக வைத்த பணம் செய்யும். ஒன்றிரண்டு வேலைகளை இன்னும் யாராலும் முழுதாகச் செய்யவைக்க முடியவில்லை.

முதலில் கணக்கேடு

எளிதான வேலையில் தொடங்குவோம். யார் எவ்வளவு கேட்டார்கள் என்ற பதிவை ஒருவரே வைத்திருந்தால் அவர் திருத்தலாம். அதே பதிவை ஆயிரக்கணக்கான கணினிகள் வைத்திருந்து, புதிதாக எதைச் சேர்த்தாலும் எல்லாம் ஒரே விதிப்படி சரிபார்த்தால், யாரும் தனியாகத் திருத்த முடியாது. 2009-ல் பிட்காயின் என்ற இணைய நாணயம் செய்து காட்டியது இதைத்தான். 2015-ல் வந்த எத்தீரியம் இன்னொரு படி போனது. பதிவோடு சேர்த்து, சிறு நிரல்களையும் அந்தக் கணினிகள் எல்லாம் இயக்கும். இந்த நிரல்களுக்கு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று பெயர். கணினி அறிஞர் நிக் சாபோ 1990-களிலேயே இந்த யோசனையை முன்வைத்திருந்தார்.

மிகச் சாதாரண ஏலத்தை இப்படி ஒரு நிரலாக எழுதிவிடலாம். இதுவரை வந்த உயர்ந்த தொகை எது, கொடுத்தவர் யார் என்று அது வைத்திருக்கும். அதைவிடக் கூடுதலாக யாராவது பணம் அனுப்பினால் அவரை முன்னே வைக்கும், முந்தையவரின் பணத்தை அவருக்கு விடுவிக்கும். நேரம் முடிந்ததும் பொருளை வென்றவர் கணக்குக்கு மாற்றும். கேட்கும்போதே பணம் நிரலிடம் வந்துவிடுவதால், கேட்டுவிட்டு நழுவ வழியில்லை.

சரி, இதில் என்ன குறை? எல்லாமே வெட்டவெளிச்சம். நீங்கள் அனுப்பும் தொகை கணக்கேட்டில் ஏறுவதற்கு முன்பே, காத்திருக்கும் வரிசையில் இருக்கும்போதே, உலகத்துக்குத் தெரிந்துவிடும். உங்களைவிடக் கொஞ்சம் கூட்டிப்போட்டு, உங்களுக்கு முன்னால் தன்னுடையதை ஏற்றச்சொல்லி அதிகக் கட்டணம் கொடுக்கத் தானியங்கி நிரல்கள் தயாராக இருக்கின்றன. எத்தீரியத்தில் இந்த முந்திக்கொள்ளும் பழக்கம் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது.

தொகையை மறைப்பது எப்படி

மூடிய உறை ஏலத்தில் எல்லாரும் தொகையை எழுதி ஒட்டிக் கொடுப்பார்கள், குறித்த நேரத்தில் எல்லா உறையும் பிரிக்கப்படும். பொதுக் கணக்கேட்டில் உறை கிடையாது, எழுதுவதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அப்படியென்றால் எழுதவும் வேண்டும், தெரியவும் கூடாது. இரண்டையும் சேர்த்து முடிக்கும் கருவிதான் ஹாஷ்.

ஹாஷ் என்பது ஒரு கணக்கீடு. எவ்வளவு பெரிய அல்லது சிறிய தகவலைக் கொடுத்தாலும் குறிப்பிட்ட நீளத்தில் ஒரு விடை தரும். பரவலாகப் புழங்கும் ஷா-256 என்ற முறை எப்போதும் 256 பிட் நீள விடையைத் தரும். ஒரே தகவலுக்கு எப்போதும் ஒரே விடைதான். ஆனால் விடையை வைத்துத் தகவலைக் கண்டுபிடிக்க முடியாது. அதே விடையைத் தரும் வேறொரு தகவலைத் தேடிப் பிடிப்பதும் நடைமுறையில் ஆகாத காரியம்.

எனவே ஏலத்தை இரண்டு கட்டமாகப் பிரிப்பார்கள். முதல் கட்டத்தில் ஒவ்வொருவரும் தன் தொகையின் ஹாஷை மட்டும் பதிகிறார். இதை மூடிய பதிவு என்று வைத்துக்கொள்வோம். பதியும் நேரம் முடிந்த பிறகு, இரண்டாம் கட்டத்தில், உண்மையான தொகையை வெளியிடுகிறார். அதை ஹாஷ் செய்து பார்த்து, முன்பு பதிந்ததோடு ஒத்துப்போகிறதா என்று யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். முதலில் 640 என்று பதிந்தவர் பிறகு 700 என்று மாற்றிச் சொல்ல முடியாது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இப்படியே விட்டால் உடனே உடைந்துவிடும். ஏலத்தொகை 1-லிருந்து ஒரு லட்சத்துக்குள் ஏதோ ஒரு முழு எண் என்று தெரிந்தால் போதும். ஒரு சாதாரணக் கணினி அந்த ஒரு லட்சம் எண்களையும் ஒரு நொடிக்குள் ஹாஷ் செய்து, உங்கள் பதிவோடு ஒப்பிட்டுத் தொகையைக் கண்டுபிடித்துவிடும். அதனால் தொகையோடு ஒரு நீண்ட ரகசிய எண்ணையும் குலுக்கலாக எடுத்துச் சேர்த்து ஹாஷ் செய்ய வேண்டும். அந்த எண்ணை ஊகிக்க வழியில்லாததால் தொகையையும் ஊகிக்க முடியாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு, பலர் இதைத் தவறவிடுகிறார்கள். நீங்கள் பதிந்த ஹாஷை இன்னொருவர் அப்படியே நகலெடுத்துத் தன் பெயரில் பதிகிறார் என்று வையுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் திறக்கும் கட்டத்தில் நீங்கள் தொகையையும் ரகசிய எண்ணையும் வெளியிட்டதும், அவரும் அதையே சொல்லித் திறந்துவிடலாம். உங்கள் மதிப்பீட்டை உழைக்காமல் எடுத்துக்கொண்டுவிடுவார். தீர்வு எளிது: கேட்பவரின் கணக்கு முகவரியையும் சேர்த்து ஹாஷ் செய்தால், இன்னொருவர் பெயரில் அது பொருந்தாது.

அப்புறம் முன்பணம். மூடிய பதிவோடு பணமும் வரவேண்டும், இல்லாவிட்டால் வாய்க்கு வந்த தொகையைப் பதிந்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அனுப்பும் பணம் எல்லாருக்கும் தெரியும். 640 கேட்பவர் 640 அனுப்பினால் ரகசியம் எங்கே இருக்கிறது? அதனால் கேட்பதைவிட அதிகமாக, ஆயிரமோ இரண்டாயிரமோ அனுப்பி மறைத்துக்கொள்வார்கள். கையில் அதிகப் பணம் உள்ளவருக்கு நன்றாக மறைத்துக்கொள்ள முடிகிறது, இல்லாதவருக்கு முடியவில்லை. இந்த முறையில் எனக்கு மனம் ஒப்பாத இடம் இதுதான்.

இரண்டாம் விலையும் அதில் உள்ள ஆபத்தும்

யார் நடத்தினாலும் மூடிய ஏலத்தில் ஒரு சங்கடம் உண்டு. பொருள் எனக்கு 640 பெறும் என்றால், 640 கேட்டு வென்றால் லாபம் ஏதுமில்லை. குறைத்துக் கேட்கத் தோன்றும். எவ்வளவு குறைப்பது என்று மற்றவர்களின் மனதைப் படிக்க முயல வேண்டியிருக்கும். 1961-ல் வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் இதற்கு ஒரு வழியை விளக்கி எழுதினார். உயர்ந்த தொகை கேட்டவர் வெல்லட்டும், ஆனால் இரண்டாவதாக வந்தவர் கேட்ட தொகையை மட்டும் கட்டட்டும். இப்படிச் செய்தால், நான் கேட்கும் தொகை நான் வெல்கிறேனா என்பதைத்தான் தீர்மானிக்கும், கட்டும் விலையை அல்ல. குறைத்துச் சொன்னால் லாபமான வாய்ப்பை இழக்கலாம், கூட்டிச் சொன்னால் மதிப்பைவிட அதிகம் கட்ட நேரலாம். உள்ளதை உள்ளபடி சொல்வதே நல்லது. விக்ரிக்கு 1996-ல் நோபல் பரிசு கிடைத்தது. அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார்.

இந்த அருமையான முறைக்கு நேர்மையான நடத்துநர் தேவை. நான் 640 கேட்டிருக்கிறேன், அடுத்தவர் 350. நான் கட்ட வேண்டியது 350. உறைகளைப் பார்த்துவிட்ட நடத்துநர், 630 என்று ஒரு பொய் உறையைச் செருகினால்? நான் 630 கட்டுவேன், ஏமாந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

மூடிய பதிவு முறை இதைத் தடுத்துவிட்டதுபோல் தோன்றும். பதியும் நேரம் முடிந்த பிறகுதானே தொகைகள் தெரிகின்றன, அதற்குமேல் எதைச் செருக முடியும்? ஆனால் விற்பவர் இப்படி யோசிக்கலாம்: வேறு வேறு பெயர்களில் 100, 200, 300 என்று 900 வரை ஒன்பது மூடிய பதிவுகளைப் போட்டுவைக்கிறார். இணையத்தில் ஒன்பது கணக்குத் தொடங்க எவ்வளவு நேரமாகும்? நான் 640 என்று திறந்ததும், அவர் 600-ஐத் திறக்கிறார். 700, 800, 900 பதிவுகளைத் திறக்காமல் மறந்ததுபோல் விட்டுவிடுகிறார். 350 கட்ட வேண்டிய நான் 600 கட்டுகிறேன். ஒரு விதியும் மீறப்படவில்லை.

நடுநிலை நடத்துநர் இல்லாத ஏலத்தில் கணிதம் மட்டும் போதாது என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஹாஷ், சொன்னதை மாற்றவிடாமல் தடுக்கும்; சொல்ல வைக்க அதனால் முடியாது. திறக்கச் செய்வதற்கு ஒரே வழி, திறக்காவிட்டால் வலிக்க வேண்டும். ஆகவே திறக்காத பதிவின் டெபாசிட் பறிபோகும் என்று விதி வைப்பார்கள். அந்தப் பணம் விற்பவரிடம் போய்ச் சேரக் கூடாது என்பது முக்கியம், இல்லையென்றால் அவருடைய பணம் சுற்றிவந்து அவருக்கே கிடைத்துவிடும். மத்தேயுஸ் ஃபெரேரா, மத்யூ வைன்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2020-ல் இதை ஒழுங்காக ஆராய்ந்து, எந்தச் சூழலில் எவ்வளவு டெபாசிட் இருந்தால் விற்பவர் இப்படி ஏமாற்றுவது அவருக்கே கட்டுபடியாகாது என்று காட்டினார்கள்.

நிஜத்தில் நடந்தது

2017 மே 4 அன்று எத்தீரியம் நேம் சர்வீஸ், சுருக்கமாக ஈ.என்.எஸ்., என்ற பெயர்ப் பதிவு அமைப்பு இதே முறையில் பெயர்களை (எத்தீரியத்தின் நீண்ட கணக்கு முகவரிகளுக்குப் பதிலாகப் பயன்படும் எளிய பெயர்களை) ஏலம் விடத் தொடங்கியது. (மார்ச்சில் ஒருமுறை தொடங்கி, நிரலில் பிழைகள் இருப்பது தெரிந்து நிறுத்தியிருந்தார்கள்.) "டாட் எத்" என்று முடியும் பெயர்களில், ஏழு எழுத்தோ அதற்கு மேலோ உள்ளவை விற்பனைக்கு. ஒரு பெயரின் ஏலம் ஐந்து நாள். மூன்று நாள் மூடிய பதிவு, அடுத்த இரண்டு நாள் திறப்பு. வென்றவருக்கு இரண்டாம் விலை. திறக்க மறந்தவருக்குப் பணம் போச்சு.

இதில் ஒரு வினோதமான கேள்வி எழுந்தது. இந்தப் பெயர்களுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லையே, வென்றவர் கட்டும் பணம் யாருக்கு? அவர்கள் கண்ட விடை எனக்குப் பிடித்திருந்தது. யாருக்கும் போகாது. பெயரை வைத்திருக்கும்வரை பணம் நிரலுக்குள் பூட்டப்பட்டிருக்கும், ஓராண்டுக்குப் பிறகு பெயரை விட்டுக்கொடுத்தால் பணத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் சாதாரண மனிதர்களுக்கு அது சிரமமாக இருந்தது. ஒரு பெயருக்காக மூன்று நாள் கழித்து ஞாபகமாகத் திரும்பி வரவேண்டும், ரகசிய எண்ணைத் தொலைக்கக் கூடாது. 2019 மே மாதம் ஈ.என்.எஸ். அந்த ஏல முறையைக் கைவிட்டு ஆண்டு வாடகைக்கு மாறியது.

திரும்பி வராமலே உறை தானாகத் திறந்துகொள்ளும் வழிகளும் உண்டு. குறிப்பிட்ட அளவு கணக்கீட்டை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் மட்டுமே திறக்கும் நேரப்பூட்டுப் புதிர்களை ரிவெஸ்ட், ஷமீர், வாக்னர் என்ற மூன்று கணினி ஆய்வாளர்கள் 1996-லேயே முன்வைத்தார்கள். கேட்டவர் வராவிட்டாலும் வேறு யாராவது அந்தக் கணக்கைப் போட்டுத் திறந்துவிடலாம். மேலே சொன்ன ஒன்பது பதிவுத் தந்திரம் அங்கே பலிக்காது.

தோற்றவர்களின் ரகசியம்

மூடிய பதிவு முறையில் கடைசியில் எல்லாத் தொகையும் வெளியே வந்துவிடுகிறது. தோற்றவர் எவ்வளவு தர நினைத்தார் என்பது நிரந்தரமாகப் பொதுக் கணக்கேட்டில் கிடக்கும். அடுத்த ஏலத்தில் அவருடைய எதிராளிகள் அதைப் பார்த்துத் தயாராவார்கள். வணிகத்தில் இது சின்ன விஷயமில்லை.

டென்மார்க் இதற்கு ஒரு வழி காட்டியது. அங்கே விவசாயிகள் சர்க்கரை பீட் விளைவித்து டானிஸ்கோ என்ற நிறுவனத்துக்குத் தந்துவந்தார்கள்; அப்போது நாட்டிலேயே வாங்குகிற ஒரே ஆலை நிறுவனம் அதுதான். யார் எவ்வளவு பீட் தரலாம் என்ற உரிமையை விவசாயிகள் தங்களுக்குள் விற்று வாங்க ஒரு ஏலம் தேவைப்பட்டது. எந்த விலைக்கு எவ்வளவு விற்கத் தயார் என்று டானிஸ்கோவிடம் சொன்னால், ஒரு விவசாயியின் பொருளாதார நிலைமை முழுவதும் அதற்குத் தெரிந்துவிடும். விவசாயிகள் சங்கம் மட்டும் தனியாக நடத்துவது நிறுவனத்துக்கு ஏற்புடையதாக இல்லை. வெளியார் ஒருவரை வைத்தால் செலவு.

2008 ஜனவரியில் நடந்த ஏலத்தில் மூன்று கணினிகள் வைத்தார்கள். ஒன்று டானிஸ்கோவிடம், ஒன்று விவசாயிகள் சங்கத்திடம், ஒன்று ஆய்வுக் குழுவிடம். ஒவ்வொரு விவசாயியின் தொகையும் மூன்று கூறாகப் பிரிந்து தனித்தனியே போனது. எப்படி என்று புரிந்துகொள்ள ஒரு சின்ன வடிவம்: 640 என்பதை 212, 905, கழித்தல் 477 என்று பிரிக்கலாம். மூன்றையும் கூட்டினால்தான் 640. ஏதாவது ஒன்றையோ இரண்டையோ வைத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படிப் பிரிந்த எண்களை ஒன்றுசேர்க்காமலே கூட்டலாம், அதிக முயற்சியுடன் ஒப்பிட்டும் பார்க்கலாம். கடைசியில் சந்தை விலை மட்டும் வெளியே வரும். சுமார் 1,200 விவசாயிகள் பங்கெடுத்தார்கள், ஏறத்தாழ 25,000 டன்னுக்கான உரிமை கைமாறியது, கணக்கீடு அரை மணி நேரம் ஓடியது. இந்த வகைக் கணக்கீடு பெரிய அளவில் நிஜ வாழ்க்கைக்கு வந்தது அதுவே முதல்முறை.

இங்கே நடத்துநர் இல்லாமல் போகவில்லை, மூன்றாகப் பிரிந்திருக்கிறார். நலன்கள் எதிரெதிராக உள்ளவர்கள் கூட்டுச் சேர்ந்தால்தான் ஏமாற்ற முடியும். யாருமே இல்லாத ஏலத்தைவிடப் பல இடங்களில் இதுதான் பொருத்தமானது என்று நினைக்கிறேன்.

கடிகாரமும் நெரிசலும்

பொதுக் கணக்கேட்டுக்கு நொடிமுள் இல்லை. பதிவுகள் தொகுதி தொகுதியாக ஏறுகின்றன. பிட்காயினில் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று, இன்றைய எத்தீரியத்தில் பன்னிரண்டு நொடிக்கு ஒன்று. ஒரு தொகுதியில் எதை ஏற்றுவது என்று அந்தந்த நேரத்தில் அதைத் தயாரிப்பவர் முடிவு செய்கிறார். உங்கள் பதிவை அவர் விட்டுவிடலாம், அல்லது கூட்டம் அதிகமாகி உங்கள் பதிவு ஏறாமலே போகலாம்.

2020 மார்ச் 12 அன்று இது கண்ணெதிரே நடந்தது. கடன் வழங்கும் மேக்கர் டாவோ என்ற அமைப்பு, அடமானமாக வந்த ஈத்தரை (எத்தீரியத்தின் நாணயத்தை) தானியங்கி ஏலத்தில் விற்றுக் கடனை மீட்கும். அன்று ஈத்தர் விலை படுவேகமாகச் சரிந்தது, எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வந்தார்கள், கட்டணம் எகிறியது, ஏலம் கேட்க வழக்கமாக வரும் நிரல்கள் சிக்கிக்கொண்டன. போட்டி இல்லாததைக் கவனித்த சிலர் பூஜ்யத்துக்குக் கேட்டார்கள், கிடைத்தும்விட்டது. சுமார் 83 லட்சம் டாலர் பெறுமான ஈத்தர் இப்படிப் போனது. அரங்கில் ஒரு மனிதர் இருந்திருந்தால் ஏலத்தை நிறுத்தியிருப்பார். பின்னர் அவர்கள் ஏல நேரத்தை நீட்டித்தார்கள், 2021-ல் விலை மேலிருந்து இறங்கிவரும் டச்சு ஏலத்துக்கு மாறினார்கள். அதில் முதலில் ஒத்துக்கொள்பவருக்குப் பொருள், ஒருவரே வந்தாலும் பூஜ்யம்வரை காத்திருக்கத் துணிய மாட்டார்.

முடியாதது

பொருள் கணக்கேட்டுக்குள்ளேயே வாழ்வதாக இருந்தால், அதாவது ஒரு பெயர், ஒரு டோக்கன் (கணக்கேட்டில் பதிவாக மட்டுமே இருக்கும் சொத்து) என்றால், பணமும் பொருளும் ஒரே கணத்தில் கைமாறும்படி நிரல் பார்த்துக்கொள்ளும். வெளியுலகப் பொருளை அது பார்க்காது. பெட்டியில் கேமரா வந்ததா, கல் வந்ததா என்று எந்த ஹாஷும் சொல்லாது. 2016-ல் தொடங்கிய ஓப்பன்பஜார் என்ற மையமற்ற சந்தையில் வாங்குபவர், விற்பவர், இருவரும் ஒப்புக்கொண்ட நடுவர் என மூன்று சாவிகள் இருந்தன. எந்த இரண்டு சேர்ந்தாலும் பணம் விடுபடும். சண்டை வந்தால் நடுவர் வேண்டும் என்பதை அது ஒப்புக்கொண்டது. மறைக்காமல் ஒப்புக்கொண்டது அதன் நல்ல குணம்.

சிண்டிகேட் போட்டு விலையை அமுக்குவதையும் இந்தக் கருவிகள் எதுவும் தடுக்காது. கேட்பவர்கள் வெளியே பேசிவைத்துக்கொண்டால் நிரலுக்குத் தெரிய வழியில்லை.

கடைசியாக, பிழை. 2022 ஏப்ரலில் அக்குடார்ஸ் என்ற என்.எஃப்.டி. வரிசையை, அதாவது ஒன்றுபோல் இன்னொன்று இல்லாத டிஜிட்டல் டோக்கன்களை, டச்சு ஏலத்தில் விற்றார்கள். கடைசி விலையைவிட அதிகம் கொடுத்த எல்லாருக்கும் கூடுதல் பணத்தைத் திருப்பிய பிறகே விற்றவர்கள் தங்கள் பங்கை எடுக்கலாம் என்று நிரலில் நல்லெண்ணத்தோடு ஒரு விதி. ஆனால் அது ஒரு பக்கம் ஆட்களை எண்ணியது, மறுபக்கம் கேட்ட பொருட்களை எண்ணியது. ஒரே ஆள் பல பொருள் வாங்கியிருந்ததால் இரண்டு எண்ணிக்கையும் ஒருபோதும் சேராது. 11,539 ஈத்தர், அன்றைய மதிப்பில் சுமார் 3.4 கோடி டாலர், யாரும் தொட முடியாமல் உள்ளேயே பூட்டிக்கொண்டது.

இப்படி நடக்கும் என்று பயந்து, பல ஏலங்களில் நிரலை மாற்றும் சாவியை ஒருவரோ சிலரோ வைத்துக்கொள்கிறார்கள். சாவி இருந்தால் பழையபடி மைய அதிகாரம் வந்துவிடுகிறது. இல்லையென்றால் பிழை நிரந்தரம். இடைவழியாக, சாவியைப் பலர் கையில் பிரித்து, எந்த மாற்றமும் அறிவித்துச் சில நாள் கழித்தே நடைமுறைக்கு வரும்படி வைப்பார்கள். "மையமற்றது" என்று சொல்லும் ஏலத்தில் பணம் போடுவதற்கு முன் இந்த இரண்டையும் விசாரியுங்கள்: சாவி யாரிடம், காத்திருப்பு எத்தனை நாள். ஏலம் ஐந்து நாள், மாற்றத்துக்கான காத்திருப்பு ஏழு நாள் என்றால், ஏற்கெனவே அறிவித்து வரிசையில் நிற்கும் மாற்றம் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டால் போதும், நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது விதியை யாரும் மாற்ற முடியாது.